ஓடை மெதுவாகும் இடம்

நன்னீர் நத்தை நோயைப் பிறப்பிப்பதில்லை. வந்து சேர்ந்த நோயைப் பெருக்கிக் கொடுக்கிறது. மாட்டின் ஈரலிலும் இரைப்பையிலும் இரத்தக் குழாய்களிலும் குடியிருக்கும் தட்டைப்புழுக்கள் தம் வாழ்வின் ஒரு பகுதியை நத்தையின் உடலுக்குள் கழித்தாக வேண்டும். நத்தை இல்லாமல் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு அவற்றால் போக முடியாது. சாணத்தோடு நீரில் விழும் முட்டை பொரிந்து, உடலெங்கும் மெல்லிய இழைகள் கொண்ட ஒரு குஞ்சு வெளிவருகிறது. மிராசிடியம் என்று அதற்குப் பெயர். அது எதையும் உண்பதில்லை. உடலில் சேர்ந்திருக்கும் சத்தைக் கொண்டு ஏறக்குறைய ஒரு நாள் நீந்தும். அதற்குள் தன் இனத்துக்கு உரிய நத்தையைக் கண்டு துளைத்து உள்ளே போக வேண்டும், தவறினால் செத்துவிடும். உள்ளே போய்விட்டாலோ, ஒன்று பலவாகிச் சில வாரங்களில் ஆயிரக்கணக்கான வாலுள்ள செர்கேரியாக்களாக நத்தையிலிருந்து வெளியே வரும். சில இனங்கள் புல்லில் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு மாட்டின் வாய்க்காகக் காத்திருக்கும். வேறு சில நேராகத் தோலைத் துளைத்துவிடும்.

இலங்கையின் ஊவா மாகாணத்தில், தெமோதரைப் பகுதியின் ஓடைகளில் இந்த நத்தைகளைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது நத்தையை அல்ல, நீரின் வேகத்தை. நமுனுகுலை மலை 2,036 மீட்டர் உயரம். அதன் சரிவுகளிலும் எல்லப் பக்கத்து மலைகளிலும் பிறக்கும் ஓடைகள் தேயிலை மலைகளுக்கு நடுவே விழுந்து இறங்கிப் பதுளை ஓயாவில் சேர்கின்றன. ஓயா ஹாலி-எலையையும் பதுளை நகரையும் கடந்து, துன்ஹிந்தையில் 64 மீட்டர் குதித்து, மகாவலியோடு கலக்கிறது. இந்த நிலத்தின் சரிவு எத்தகையது என்பதற்கு 1924-ல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில் பாதையே சான்று. தெமோதரையில் அது ஒரு வளையம் சுற்றி, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்துதான் கீழே இறங்க முடிகிறது. இப்படிப்பட்ட சரிவில் இயல்பாக ஓடும் ஓடை, கால்நடை நோய் பரப்பும் நத்தைகளுக்கு ஏற்ற இடமல்ல. அங்கே கல்லைக் கெட்டியாகப் பிடித்து வாழ்பவை பலுடோமஸ் இனங்கள். தடித்த ஓடும், வாயை மூடும் மூடியும், நீரிலேயே சுவாசிக்கும் செவுளும் கொண்டவை. இலங்கையின் மலை ஓடைகள் இந்தப் பேரினத்தின் தாயகங்களில் ஒன்று. இவற்றில் பல இனங்கள் உலகில் வேறெங்கும் கிடையாது. 1970-ல் வந்த ஆஸ்திரிய–இலங்கை நீருயிரியல் ஆய்வுக் குழுவில் பெர்டினான்ட் ஸ்டார்முல்னர் தீவின் ஓடைகளில் நத்தைகளைச் சேகரித்து எழுதியவை இன்றும் இத்துறைக்கு வருகிறவருக்கு அடிப்படைப் பாடம்.

கால்நடை நோயின் நத்தைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஓடையிலிருந்து வாய்க்கால் பிரித்துப் பள்ளத்தில் வயல் செய்த இடம், மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டி நிறுத்திய குழி, பீலியில் குளித்த தண்ணீர் வழிந்து தேங்கும் சேறு, மாட்டுக் கொட்டிலுக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கும் கான், குழாய் உடைந்து ஆண்டுக்கணக்கில் ஈரமாகவே இருக்கும் புல்தரை ஆகியவை அவற்றின் வீடுகள். சரிவில் ஓடிய நீரை மனிதர் மெதுவாக்கிய இடங்கள் இவை. வரைபடத்தில் ஓடையை நீலக் கோடாக வரைந்து அதன் நெடுகிலும் மாதிரி எடுக்கிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் ஓடைக்கும் இடையில் இருக்கும் ஐம்பது அடி ஈரத்தைச் சரியாகத் தேடுகிறவர் தேடியதைக் கண்டடைவார்.

தேட வேண்டியவை முக்கியமாக இரண்டு. ஒன்று லிம்னியா. இன்றைய வகைப்பாட்டில் இதன் தெற்காசிய இனங்களை ராடிக்ஸ் என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். ஓடு மெல்லியது, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளிருக்கும் உடல் தெரியும். நுனியை மேலே வைத்து வாயைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தால் திறப்பு வலப்புறம் இருக்கும், அகலமாகவும் இருக்கும். ஈரல் தட்டைப்புழுவுக்கு வீடு இதுதான். மற்றது இன்டோபிளானோர்பிஸ் எக்சஸ்டஸ். அதன் ஓடு உயரமாக எழாமல் ஒரே தளத்தில் தட்டையாகச் சுருண்டிருக்கும். முழு வளர்ச்சியில் இரண்டு சென்றிமீற்றரைத் தாண்டும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் உடலில் சிவப்புச் சாயல் தெரியும். அதனால்தான் ஒட்சிசன் குறைந்த, சாணம் கரைந்த நீரிலும் அது தாக்குப்பிடிக்கிறது. மாட்டின் இரத்தத் தட்டைப்புழுக்களையும் இரைப்பைத் தட்டைப்புழுக்கள் சிலவற்றையும் இதுவே சுமக்கிறது. இரண்டுக்கும் மூடி கிடையாது. இரண்டும் காற்றைச் சுவாசிப்பவை, ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பவை. துணை கிடைக்காத இன்டோபிளானோர்பிஸ் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும். புல்லறுத்த கூடையிலோ நாற்றுக் கட்டிலோ ஒட்டி வந்த ஒரே ஒரு நத்தை, புதிய குழி ஒன்றை ஒரு பருவத்தில் நிரப்பிவிடுவது இப்படித்தான்.

கோபுரம் போல நீண்ட மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டாவும் முள்ளுள்ள தியாரா ஸ்கப்ராவும் எல்லாக் கையள்ளலிலும் வரும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர் அவற்றை ஒதுக்கிவிடுவது வழக்கம். அது சரியல்ல. தியாரா ஸ்கப்ராவிலிருந்து வெளிவரும் ஒருவகைச் செர்கேரியா, மரத்தவளைத் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைக்கும் முன்பே புகுந்தால் கால்கள் கோணலாகவும் குறையாகவும் வளர்வதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். வயலோரத்தில் ஊனத் தவளைகளைப் பார்த்து உடனே பூச்சிமருந்தைக் குற்றம் சொல்லும் முன் அங்குள்ள நத்தையையும் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம். இரண்டும் சேர்ந்தே வேலை செய்வதும் உண்டு.

நத்தை பொறுக்கும் வேலைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நீண்ட காம்பில் கட்டிய வலைக் கரண்டி, இடுக்கி, முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்து, கையுறை போதும். கையுறை அட்டைக்குப் பயந்து போடுவது அல்ல. சாணம் கலந்த, நத்தை நிறைந்த நீரில் வெறுங்கையை வைக்கக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவு நேரம் தேட வேண்டும். பதினைந்து நிமிடம் என்று வைத்தால் எங்கும் பதினைந்து நிமிடம்தான். நத்தை அதிகமாகக் கிடைக்கிறது என்று ஓரிடத்தில் அரைமணி நேரம் நின்றால் பிறகு இரண்டு இடங்களை ஒப்பிடவே முடியாது. எடுத்த நத்தைகளைத் தண்ணீர் நிரப்பிய போத்தலில் போட்டால் வெயிலில் மூச்சடைத்துச் சாகும். ஈரத் துணியில் அல்லது நனைத்த பஞ்சில் சுற்றிக் காற்றுப் புகும் டப்பாவில் கொண்டுவந்தால் உயிரோடு இருக்கும்.

தோட்டத்தில் இந்த வேலையைச் செய்கிறவரைப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். "சேர், இது கறிக்கா?" என்ற கேள்வி தப்பாமல் வரும். பதில் சொல்லப் பொறுமை வேண்டும். எந்தக் குழியில் எப்போது நத்தை மொய்க்கும், எந்த வீட்டு மாடு எங்கே தண்ணீர் குடிக்கும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்டுச் செய்த கணக்கெடுப்பு, கேட்காமல் செய்ததைவிட எப்போதும் மேலானது.

ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு நத்தையையும் தனித்தனியாகச் சிறு குவளையில், குளோரின் நீங்கிய தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் வைக்கிறார்கள். நோய் சுமக்கும் நத்தையானால் சில மணி நேரத்தில் தண்ணீரில் தூசு போல ஏதோ அசையத் தொடங்கும். கறுப்புத் தாளைப் பின்னால் பிடித்தால் நன்றாகத் தெரியும். ஒரு துளியை எடுத்து அயடீன் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் வாலே இனத்தைச் சொல்லத் தொடங்கிவிடும். வால் நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் இரத்தத் தட்டைப்புழு அல்லது அதன் உறவு. கழுத்தைச் சுற்றி முள் வரிசை இருந்தால் எக்கினோஸ்டோம் என்னும் வேறொரு வகைத் தட்டைப்புழு. இரண்டு கரிய கண்புள்ளிகளும் பருத்த உடலும் இருந்தால் இரைப்பைத் தட்டைப்புழுவின் குடும்பம். ஈரல் தட்டைப்புழுவின் செர்கேரியா மட்டும் அதிக நேரம் நீந்திக் காட்டாது; வாலை உதிர்த்துவிட்டுக் குவளையின் சுவரில் கூடுகட்டி ஒட்டிவிடும். ஆகவே தண்ணீரை மட்டும் பார்த்து நத்தையை நலமென்று எழுதிவிடக் கூடாது. சுவரையும் பார்க்க வேண்டும். ஒரு நாளில் ஒன்றும் வரவில்லை என்பதும் முடிவான பதில் அல்ல. உள்ளே இன்னும் முதிராத புழு இருக்கலாம். சில நாள் வைத்திருந்து திரும்பப் பார்ப்பதும், கடைசியில் ஓட்டை உடைத்து ஈரல் பகுதியைப் பிரித்துப் பார்ப்பதும் நேர்மையான வேலைக்கு அவசியம்.

நத்தைக்குள் இருப்பதை மாட்டின் சாணத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உருண்டைப்புழுக்களின் முட்டை உப்புக் கரைசலில் மிதக்கும். தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் தங்கும். மிதக்கவிட்டுப் பார்க்கும் முறையை மட்டும் செய்யும் இடத்தில் தட்டைப்புழு இல்லவே இல்லை என்ற அறிக்கைதான் வரும். சாணத்தை நீரில் கரைத்து வடித்துத் தெளியவிட்டு, மேல்நீரை ஊற்றி, மறுபடி கரைத்துத் தெளியவிட்டு அடிமண்டியைப் பார்ப்பதே சரியான முறை. ஈரல் தட்டைப்புழுவின் முட்டை பித்தத்தின் சாயம் ஏறி மஞ்சளாக இருக்கும். இரைப்பைத் தட்டைப்புழுவின் முட்டை அளவிலும் வடிவிலும் அதைப் போலவே இருந்தாலும் நிறமற்றது. இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பழகிக்கொள்ளச் சில மாதங்கள் பிடிக்கும். பழகிய பிறகு தவறு அரிது.

இலங்கைக் கால்நடைகளின் ஈரல் தட்டைப்புழு ஃபாசியோலா ஜைகான்டிகா. வெப்பநாடுகளுக்கு உரியது, வளர்ந்தால் ஏழு சென்றிமீற்றருக்கும் மேல் நீளும். குளிர்நாட்டு உறவான ஃபாசியோலா ஹெபாட்டிகாவின் வாழ்க்கை வட்டத்தை ஜெர்மனியில் ருடோல்ஃப் லூக்கார்ட்டும் இங்கிலாந்தில் ஏ. பி. தாமஸும் தனித்தனியே 1880களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். நத்தை வழியாக ஒட்டுண்ணி பரவும் முழு வட்டம் ஒன்று உலகில் முதன்முதலாகத் தெளிவானது அப்போதுதான். ஜைகான்டிகாவின் வட்டமும் அதே ஒழுங்கில் நடக்கிறது. ஈரமான, வெதுவெதுப்பான இடத்தில் முட்டை பொரிய இரண்டு மூன்று வாரம். நத்தைக்குள் ஆறு வாரத்துக்குக் குறையாது. புல்லில் கூடாக ஒட்டியபின் மாடு தின்றால், குடலைத் துளைத்து ஈரலுக்குள் ஊர்ந்து பித்தக் குழாயில் குடியேறி முட்டையிட மூன்று மாதத்துக்கு மேல். மொத்தத்தில் ஒரு மாட்டின் சாணம் அடுத்த மாட்டில் நோயாக வெளிப்பட அரை ஆண்டுக்குக் கிட்ட ஆகிறது. இந்த நீண்ட இடைவெளிதான் நோயை மறைக்கிறது. மாடு மெலியும் மாதத்தில் தின்ற புல்லைப் பார்ப்பார்கள். குற்றம் இருப்பதோ போன பருவத்துப் புல்லில்.

ஊவாவின் பருவகாலம் இதற்கு உடந்தை. இந்த மாகாணத்துக்கு மழை முக்கியமாக ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் வரட்சியும்; ஊவாத் தேயிலைக்குப் பேர் தரும் மாதங்களும் அவைதான். பெருமழையில் ஓடை பெருகி நத்தைகளை அடித்துப்போகும். மழை ஓய்ந்து நீர் தெளிந்து தேங்கும்போது மிஞ்சியவை முட்டையிட்டுப் பெருகும். வரட்சி முற்றும்போது மலையெல்லாம் காய்ந்து, பச்சைப் புல் மிஞ்சுவது ஓடை ஓரத்திலும் வயல் வரப்பிலும் மட்டுமே. கூடுகள் ஒட்டியிருப்பதும் அதே புல்லில்தான்.

தோட்டத்து மாட்டுக்கு இந்த ஓரப் புல்லை விட்டால் வேறு வழி குறைவு. மாடு வைத்திருப்பவர் பெரும்பாலும் பகலில் கொழுந்து பறிக்கும் அல்லது மலையில் வேலை செய்யும் தொழிலாளி. அவருக்குச் சொந்தமாக மேய்ச்சல் நிலம் இல்லை. தேயிலை மலையில் மாட்டை விட முடியாது. களைகொல்லி அடித்த மலையில் புல்லும் அறுக்க முடியாது. வேலை விட்டு வந்து, பொழுது சாயும் முன் அறுத்துத் தலையில் தூக்கி வர எட்டுவது ஓடைப் பள்ளத்துப் புல். பால் விற்ற காசு பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் கடைப் பாக்கிக்கும் போகிற வீட்டில், பால் குறைவது சம்பளம் குறைவதுதான். "மாடு இளைச்சுப் போச்சுங்க டொக்டர், தீனி குறையும் இல்ல" என்று மாட்டுக்காரர் சொல்லும்போது, கீழ்த்தாடையின் அடியில் கைவைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கொழகொழவென்று நீர் கோத்த வீக்கமும், கண்ணிமையின் உட்புறத்தில் வெளுப்பும் இருந்தால் காரணம் தீனி அல்ல. புழு ஈரலில் இரத்தம் குடித்துப் புரதத்தைக் குறைத்திருக்கிறது.

இரைப்பைத் தட்டைப்புழுவும் இதே தாடை வீக்கத்தைத் தரும். முதிர்ந்த புழுக்கள் முதல் இரைப்பையில் சிவப்பு மணிகளாக ஒட்டியிருந்தாலும் பெரிய கேடில்லை. சிறுகுடலைக் குடையும் இளம்புழுக்கள்தான் கன்றுகளைக் கொல்லும். அப்போது சாணத்தில் முட்டை இருக்காது, நீராகக் கழியும் பேதி மட்டும் இருக்கும்.

மூன்றாவது கூட்டம் இரத்தத் தட்டைப்புழுக்கள். இவற்றின் ஆய்வு வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் உண்டு. ஷிஸ்டோசோமா ஸ்பின்டேலை 1906-ல் மாண்ட்கோமரி பெயரிட்டார். அது இன்டோபிளானோர்பிஸ் நத்தை வழியாகவே பரவுகிறது என்பதை 1918-ல் லிஸ்டனும் சோப்பர்க்கரும் எழுதினார்கள். மாடுகளின் மூக்கில் காலிபிளவர் போலச் சதை வளர்ந்து, மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் எழும் நோய்க்குக் காரணமான ஷிஸ்டோசோமா நேசேலை 1933-ல் சென்னையிலிருந்து எம். ஏ. என். ராவ் விவரித்தார். தமிழ்நாட்டு விவசாயி குறட்டை நோய் என்று நெடுங்காலம் அறிந்திருந்ததற்கு அப்போதுதான் புழு அடையாளம் தெரிந்தது. அதன் பரவும் வழி மிக எளியது. புழு மூக்கின் இரத்தக் குழாய்களில் இருக்கிறது, முட்டை சளியில் வருகிறது. மாடு தண்ணீர் குடிக்கக் குனிந்தால் மூக்கு நீரில் படுகிறது. முட்டை நத்தைக்குப் பக்கத்திலேயே போய் விழுகிறது. சாணத்தைத் தடுத்தால் போதும் என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது. எருமைகளில் பல, சதை வளர்ச்சி ஏதுமின்றி முட்டையை மட்டும் சிந்திக்கொண்டிருக்கும்.

இலங்கையிலும் இரண்டு இனங்களும் உண்டு. பெல்ஜிய ஆய்வாளர் டி பொன்ட்டும் கூட்டாளிகளும் இந்நாட்டு மாடுகளில் நேசேலைப் பற்றி 1989-லும் ஸ்பின்டேலைப் பற்றி 1991-லும் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையில் திரும்பத் திரும்ப எடுக்கப்படுபவை. ஸ்பின்டேல் குடலின் இரத்தக் குழாய்களில் வாழ்வதால் மாட்டின் மூக்கில் ஒன்றும் தெரியாது. நீண்ட நாள் பேதி, மெலிவு, பால் குறைவு என்று பொதுவான அறிகுறிகளே தெரியும். சாணத்தில் கதிர் வடிவ முட்டையும் எளிதில் அகப்படாது. ஆகவே இது கணக்கில் வராத நோய். அறுத்த மாட்டின் குடலின் இரத்தக் குழாய்களை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் பழக்கமுள்ள ஒருவர் இருக்கும் ஊரில்தான் இது இருப்பது தெரியவரும்.

மாட்டின் இரத்தத் தட்டைப்புழு மனித உடலில் வளர்ந்து முதிராது. ஆனால் அதன் செர்கேரியாவுக்கு மாட்டின் காலுக்கும் மனிதக் காலுக்கும் வேறுபாடு தெரியாது. தோலைத் துளைத்து உள்ளே வந்து அங்கேயே சாகும். அந்த இடத்தில் தாங்க முடியாத அரிப்பும் சிவந்த தடிப்புகளும் எழும். திரும்பத் திரும்ப அதே நீரில் இறங்குகிறவருக்கு ஒவ்வொரு முறையும் கடுமை கூடும். மலாயாவின் வயல் தொழிலாளரிடம் கண்ட இந்த அரிப்புக்கு ஸ்பின்டேல் காரணம் என்று பக்லி 1938-ல் காட்டினார். ஓடைப் பள்ளத்தில் புல் அறுத்து வந்தவருக்குக் கணுக்காலைச் சுற்றி அரிப்பு எடுத்தால் எல்லாமே சேற்றுப்புண் அல்ல என்பதை வைத்தியம் செய்கிறவர் மனதில் வைப்பது நல்லது.

மனிதருக்கு உரிய இரத்தத் தட்டைப்புழு நோயான பில்ஹார்சியா இலங்கையில் வேரூன்றவில்லை. ஊவா மலைகளுக்கே இதில் ஒரு வரலாறு இருக்கிறது. தென்னாபிரிக்காவில் நடந்த போரில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆங்கிலேயர் 1900 ஓகஸ்ட் முதல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். பெரும் முகாம் தியத்தலாவையில். தென்னாபிரிக்காவின் கிழக்குப் பகுதி ஆறுகள் பில்ஹார்சியா உள்ளவை. இந்நோய் நத்தை வழியாக வருவது அன்றைக்கு உலகில் எவருக்கும் தெரியாது. ஜப்பானில் மியாயிரியும் சுசுகியும் 1913-லும், எகிப்தில் லெய்ப்பர் 1915-லும்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அத்தனை பேர் இந்த மலைகளில் வாழ்ந்து போனபின்னும் நோய் இங்கே நிலைக்கவில்லை. காரணம் மருத்துவமோ சுகாதாரமோ அல்ல, நத்தை. ஆபிரிக்கப் புழுவுக்கு வேண்டியவை புலினஸ், பயோம்ஃபலேரியா இனங்கள். இங்கிருக்கும் இன்டோபிளானோர்பிஸ் அதை வளர்ப்பதில்லை.

ஆனாலும் இந்தப் பாதுகாப்பை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் கிம்வி என்னும் கிராமத்தில் மனிதரிடையே சிறுநீர்ப்பை பில்ஹார்சியா பரவியிருப்பதை 1952-ல் கட்கிலும் ஷாவும் கண்டார்கள். அங்கே அதைச் சுமந்ததாகச் சொல்லப்பட்டது ஃபெரிசியா என்ற, எவரும் பொருட்படுத்தாத சின்னஞ்சிறு தொப்பி நத்தை. ஆபிரிக்காவில் செனகல் ஆற்றின் மீது 1986-ல் தியாமா அணை எழுந்தபின், முன்பு இல்லாத குடல் பில்ஹார்சியா ரிஷார்-தோல் நகரில் சில ஆண்டுகளுக்குள் பெருகியது. உவர்நீர் மேலேறுவது நின்றது, நீர் மெதுவானது, நத்தை பெருகியது. நத்தை தின்னும் ஆற்று இறால் மேலே வரும் வழியும் அடைபட்டது. அணை கட்டியவர்கள் நெல்லையும் கரும்பையும் நினைத்தார்கள், நத்தையை நினைக்கவில்லை.

ஊவாவிலும் இப்போது நீர் இடம் மாறுகிறது. 2024 ஏப்ரல் 24 அன்று திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் புஹுல்பொலையிலும் டயரபாவிலும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிரிந்தி ஓயாவின் பக்கம் திருப்பி 120 மெகாவோட் மின்சாரம் எடுக்கிறது. அதே நீர் கீழே வெல்லவாயப் பகுதியின் வயல்களுக்கும் போகிறது. வேகமாக ஓடிய மலையாறு அங்கே தேங்கிய நீராகிறது. மலைப்பக்கத்து நீர் வரண்ட சமவெளியின் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் சேர்கிறது. நீரோடு சேர்ந்து நத்தை முட்டையும், கரையோரப் பச்சையைத் தேடி மாடும் வரும். புதிய நீர்த்தேக்கத்தின் ஓரங்களில் ஆண்டுதோறும் நத்தைக் கணக்கெடுப்பது பெரிய செலவுள்ள வேலை அல்ல. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் அதே இடத்தில், அதே மாதத்தில், அதே நேர அளவில் தேடி எழுதிய ஒரு பதிவேடு பத்தாண்டில் பொன் பெறும்.

கட்டுப்பாடு என்றவுடன் எல்லோர் மனதிலும் எழுவது நத்தையைக் கொல்வது. மயில்துத்தம் என்னும் செம்பு உப்பைக் கரைத்தால் நத்தை சாகும். தேயிலையில் கொப்புள நோய் 1946-ல் இலங்கைக்கு வந்ததிலிருந்து செம்பு மருந்து தோட்டங்களுக்குப் பழகிய பொருள். ஆகவே இந்த யோசனை அடிக்கடி வரும். அது தவறான யோசனை. செம்பு மீனையும் கொல்லும். உலகில் வேறெங்கும் இல்லாத பலுடோமஸையும் கொல்லும். மேல் ஓடையில் எஞ்சிய லிம்னியா அடுத்த மழையில் கீழே வந்து காலியான இடத்தை நிரப்பும். குடிக்கிற, குளிக்கிற நீரில் நஞ்சு கலக்கும் உரிமையும் எவருக்கும் கிடையாது.

மருந்து அவசியம், ஆனால் தனியே போதாது. பழைய பாடம் ஒன்று தோட்டங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1916-ல் ராக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். கழிப்பறை இல்லாத லயங்களில் அதே மக்களுக்கு அதே நோய் திரும்ப வந்தது. மாட்டு விஷயத்திலும் இதுவே நடக்கும். டிரைகிளாபென்டசோல் ஈரலில் இருக்கும் இளம்புழுவையும் முதிர்ந்ததையும் கொல்லும். சாதாரணப் புழுமருந்தான அல்பென்டசோல் முதிர்ந்த ஈரல் புழுவை மட்டும் ஓரளவு தொடும். எந்த மருந்தானாலும் அடுத்த நாளே அதே புல்லைத் தின்னும் மாட்டுக்குப் பயன் சில மாதங்கள்தான். மருந்து கொடுக்கும் மாதத்தையும் யோசிக்க வேண்டும். வரட்சி முடிந்து மழை தொடங்கும் முன் கொடுத்தால், நத்தை பெருகும் பருவத்தில் ஓடைக்குப் போகும் சாணத்தில் முட்டை குறையும்.

மிஞ்சுவது நீருக்கும் சாணத்துக்கும் புல்லுக்கும் இடையிலான தொடர்பை வெட்டுவது. மாடு ஓடையில் இறங்கிக் குடிக்காமல், கொட்டிலில் தொட்டி வைத்து நீர் ஊற்றுவது குறட்டை நோய்க்கும் மற்றத் தட்டைப்புழு நோய்களுக்கும் ஒருசேரத் தடை. சாணத்தைக் கானில் தள்ளாமல் குழியில் போட்டு மக்கவிட்டால் சூட்டில் முட்டை சாகும், எருவும் கிடைக்கும். கொட்டிலைச் சுற்றிய கான் வடிந்து போகும்படி வெட்டிவிட்டால் நத்தைக்கு இடமே இல்லை. ஒரு நாள் மண்வெட்டி வேலை அது. ஓடை ஓரத்துப் புல்லை அறுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே அறுக்க வேண்டும். கூடுகள் பெரும்பாலும் நீர் தொட்ட அடித்தண்டில்தான் ஒட்டியிருக்கும். அறுத்ததை நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்தால் இன்னும் பாதுகாப்பு. இந்தோனேசியாவின் நெல்வயல் ஊர்களில் வைக்கோலுக்கு இந்த முறைகளையே சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே மாட்டுக் கொட்டிலோடு சேர்த்து வாத்து வளர்ப்பதையும் சோதித்தார்கள். வாத்தின் எச்சத்திலிருந்து வரும் எக்கினோஸ்டோம் புழு நத்தைக்குள் புகுந்து, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஈரல் புழுவின் குஞ்சுகளைத் தின்றுவிடுகிறது. நத்தை உயிரோடு இருக்கும், அதிலிருந்து மாட்டுக்கு நோய் வராது.

மனிதரும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஓடையில் பறித்த கங்குனையும் வாட்டர்கிரெஸையும் பச்சையாகத் தின்னாமல் வேகவைத்தே உண்ண வேண்டும். ஈரல் புழுவின் கூடு கழுவினால் போகாது, கொதித்தால் சாகும்.

இவற்றில் தொழிலாளி தனியே செய்யக் கூடியவை பாதிதான். மற்றப் பாதிக்கு நிலம் வேண்டும். கோயம்புத்தூரில் உருவான கோ-3 புல் இலங்கையில் நன்றாக வளர்கிறது; கரணை ஊன்றிய சில மாதங்களில் அறுக்கலாம். லயத்துக்கு மேட்டில், ஓடைக்கு எட்டாத வெற்றுச் சரிவில் ஒவ்வொரு மாட்டுக்காரருக்கும் சில பேர்ச் நிலத்தைப் புல் வளர்க்கத் தோட்ட நிர்வாகங்கள் விட்டுக்கொடுத்தால், ஊவாவின் ஈரல் தட்டைப்புழு நோயில் பெரும்பகுதி மருந்தில்லாமலே குறையும். தெமோதரைச் சரிவுகளில் தேயிலை பிடுங்கப்பட்டு மீண்டும் நடப்படாமல் கிடக்கும் துண்டுகளிலிருந்து இதைத் தொடங்கலாம். தோட்டத் துரைமாரும் மாகாணக் கால்நடைத் திணைக்களமும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. அடுத்த ஒக்டோபர் மழைக்கு முன் கரணை ஊன்றிவிட வேண்டும்.